கேமரா வாங்கும் முன் ஒரு ஃபைல் வாங்குங்கள்

மும்பையில் இருந்துகொண்டு தமிழில் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் மாதத்துக்கு ஒருவராவது என்னைத் தேடி வருகிறார்கள். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், சில சமயம் முலுண்டிலிருந்துகூட. மாதுங்காவில் உட்கார்ந்து காபி ஆறுவதற்குள் கேட்டுவிடும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, கவர்மெண்ட்ல ஏதாவது காசு கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் அது உங்கள் கதை எவ்வளவு நல்ல கதை என்பதைவிட, எந்தக் காகிதத்தை எந்தத் தேதிக்கு முன் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தே கிடைக்கும். நான் இரண்டு குறும்படமும் ஓர் ஆவணப்படமும் எடுத்தவன், அதற்கு முன் அந்தேரியில் சில ஆண்டுகள் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவன், இந்த வரிசையைத் தெரியாமல் போனதில் நிறைய இழந்திருக்கிறேன். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எந்த அரசு உங்கள் அரசு

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஆறு மாதத்தை வீணாக்குகிறார்கள். மாநில அரசுகளின் சினிமா மானியம் பெரும்பாலும் மொழிக்காகக் கொடுக்கப்படுவது. மகாராஷ்டிரா அரசின் மானியம் மராத்திப் படங்களுக்கு. நீங்கள் தாராவியிலேயே பிறந்து, ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி எல்லாம் இங்கேயே வைத்திருந்தாலும், படம் தமிழில் பேசினால் அந்த வரிசையில் உங்களுக்கு இடமில்லை. தமிழ்நாடு அரசு சிறு முதலீட்டுத் தரமான தமிழ்ப் படங்களுக்குத் தலா 7 லட்சம் ரூபாய் என்று மானியம் கொடுத்து வந்திருக்கிறது. அது படம் முடிந்து, சென்சார் ஆகி, வெளியான பிறகு ஒரு குழு பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அதற்கு விண்ணப்பிக்க நினைத்தால், தயாரிப்பு நிறுவனத்தின் முகவரி எங்கே இருக்க வேண்டும், படப்பிடிப்பு எங்கே நடந்திருக்க வேண்டும் என்பதில் தொடங்கி விதிகளை வரி விடாமல் படியுங்கள். அந்தப் பணம் வந்துவிடும் என்று நம்பி யாரிடமும் வட்டிக்கு வாங்காதீர்கள்.

ஆக, மும்பைத் தமிழ்ப் படம் என்பது இரண்டும் கெட்டான். ஊருக்கு மொழி சரியில்லை, மொழிக்கு ஊர் சரியில்லை. கேரளத்தில் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை போட்டுத் தயாரிக்கிறது என்பதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய. நமக்கு மொழி பார்க்காத கதவு ஒன்றே ஒன்றுதான், மத்திய அரசு. நல்ல வேளையாக அந்தக் கதவின் பெரும்பகுதி மும்பையிலேயே, பெட்டர் ரோட்டில் இருக்கிறது.

ஃபைல் என்றேனே, அது

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு ஃபைல் வாங்குங்கள். காகித அட்டை ஃபைல்தான், இருபது ரூபாய். அதில் முதலில் போக வேண்டியது கதையின் உரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் என்று சட்டம் சொல்வது தயாரிப்பாளரைத்தான், இயக்குநரை இல்லை. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறும். எனவே பணம் எங்கிருந்து வந்தாலும் சரி, தயாரிப்பாளராக யார் பெயர் போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். சித்தப்பா ஐந்து லட்சம் கொடுத்தார் என்றால் அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, படம் விற்ற பிறகு வரும் கோபத்தைவிட இது சின்னது.

ஸ்கிரிப்டைப் பதிவு செய்ய மும்பையில் எல்லோரும் முதலில் போவது அந்தேரி மேற்கில் இருக்கும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன். உறுப்பினராகிவிட்டால் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், தமிழ் எழுத்தில் இருக்கும் ஸ்கிரிப்டாக இருந்தாலும். ஆனால் அந்தப் பதிவு இந்தத் தேதியில் இந்தக் கதை உங்களிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. அதைவிடக் கனமான காகிதம் வேண்டுமென்றால் டெல்லியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஸ்கிரிப்ட் எழுத்துப் படைப்பு என்ற கணக்கில் வருவதால் 500 ரூபாய், முடிந்த படத்துக்கு 5,000 ரூபாய். விண்ணப்பித்த பின் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. அப்புறம், டைட்டில். தயாரிப்பாளர் சங்கங்களில் டைட்டில் பதிவு செய்வது சினிமாக்காரர்களுக்குள் சண்டை வராமல் இருக்க வைத்துக்கொண்ட ஏற்பாடு. டைட்டிலுக்கு மட்டும் காப்புரிமை கிடையாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் டைட்டிலை யாரோ திருடிவிடுவார்கள் என்று பயந்து கதையைப் பதிவு செய்யாமல் விட்டவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் ஸ்கிரிப்டை கோரேகாவ் ரூமில் கூடத் தங்கியிருந்த நண்பனோடு சேர்ந்து எழுதினேன். காகிதம் எதுவும் இல்லை, இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், எதற்குக் காகிதம்? மூன்று வருடம் கழித்து ஒரு நிதி விண்ணப்பத்தில் உரிமை எப்படிக் கைமாறியது என்று ஒவ்வொரு கையெழுத்தாகக் காட்டச் சொன்னபோது அவன் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருந்தான். கையெழுத்துப் போட மறுக்கவில்லை, பாவம், ஆனால் காகிதம் அங்கே போய் இங்கே வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. உங்களோடு கதை பேசியவர், வசனம் எழுதியவர், பாட்டு எழுதியவர், மூலக் கதை யாருடையதாவது என்றால் அவர், எல்லோரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் வாங்குங்கள். மகாராஷ்டிராவில் 2024 அக்டோபரிலிருந்து பழைய 100 ரூபாய் ஸ்டாம்ப் போய் 500 ரூபாய் வந்துவிட்டது, அந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். பாடலாசிரியரிடமும் எழுத்தாளரிடமும் "ராயல்டி எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்க நினைக்காதீர்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியை அவர்கள் நினைத்தாலும் அப்படித் தாரைவார்க்க முடியாது.

ஃபைலில் அடுத்தது உங்கள் கம்பெனி. தனி உரிமையாளர் நிறுவனமாகவே தொடங்கலாம், உங்கள் பான் கார்டே அதற்கும் போதும். ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவைச் செய்யுங்கள், அது முழுக்க இலவசம். இதற்காக இரண்டாயிரம் கேட்கும் கடைக்காரரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து போனிலேயே செய்துவிடுங்கள். ஜிஎஸ்டி ஆண்டு வருமானம் 20 லட்சம் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டர் ரோடு

என்.எஃப்.டி.சி. என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கியது. 1960இலிருந்து இருந்த திரைப்பட நிதிக் கழகம் 1980இல் இதோடு சேர்ந்தது. 2022இல் ஃபிலிம்ஸ் டிவிஷன், திரைப்பட விழா இயக்ககம், புனே திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் எல்லாவற்றின் வேலையையும் இதன் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த இணைப்பு வேண்டாம் என்று படைப்பாளிகள் பலர் எழுதிக் கொடுத்தும் பார்த்தார்கள். புதிதாக வருபவருக்கு இதில் ஒரு சௌகரியம், முன்பு நாலு ஆபீஸ் ஏறிய இடத்தில் இப்போது ஒன்று. சங்கடமும் அதுவேதான், அந்த ஒன்று மூடிக்கொண்டால் தட்ட வேறு கதவு இல்லை. சயானிலிருந்து போகிறவர்கள் தாதரில் மாறி வெஸ்டர்ன் லைனில் கிராண்ட் ரோட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ அந்தப் பக்கம் கிடையாது, டாக்சிதான். போனால் அதே வளாகத்தில் இந்திய சினிமா அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், 2019இல் திறந்தது, குல்ஷன் மகால் என்ற பழைய பங்களாவையும் சேர்த்து.

இவர்களின் படத்தயாரிப்புத் திட்டத்தில் இரண்டு வழி. முதல் படம் எடுக்கும் இயக்குநர் என்றால் முழுச் செலவையும் அவர்களே போட்டுத் தயாரிக்கலாம். ஏற்கெனவே படம் எடுத்தவர் என்றால் வேறு தயாரிப்பாளரோடு சேர்ந்து கூட்டுத் தயாரிப்பு. எல்லா இந்திய மொழிக்கும் இடம் உண்டு, தமிழ்ப் படம் மும்பையில் நடந்தாலும் மதுரையில் நடந்தாலும் ஒன்றுதான். முழுப் பணமும் அவர்களுடையது என்றால் படமும் அவர்களுடையது. நாளைக்கு ஓடிடியில் விற்கிறார்களா, அலமாரியில் வைக்கிறார்களா என்பதில் உங்கள் குரல் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். முதல் படத்துக்கு நான் இதில் தயங்க மாட்டேன். கையில் வேறு பணம் இருக்கிறவர் யோசிக்கலாம்.

விண்ணப்பம் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் விழுவது இங்கேதான். படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஸ்கிரிப்டை ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள், அதையும் மெஷினில் போட்டு எடுக்காதீர்கள். தாராவித் தமிழில் "க்யா பாய், சாப்டியா" என்று ஒரு வரி இருக்கும். அதில் இந்தி எங்கே முடிகிறது, திருநெல்வேலி எங்கே தொடங்குகிறது என்பதுதான் உங்கள் படத்தின் உயிர். மெஷின் அதை "நண்பரே, உணவருந்தினீர்களா" கணக்கில் நேராக்கிவிடும். படிப்பவர் இதில் மும்பை எங்கே என்று கேட்பார். நான் என்ன செய்தேன் என்றால், ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எந்தப் பாத்திரம் எந்த மொழிகளைக் கலந்து பேசும், யாரிடம் பேசும்போது எது கூடும் குறையும் என்று ஐந்து வரி எழுதி வைத்தேன். நேர்காணலில் அரை மணி நேரம் அந்த ஐந்து வரியைப் பற்றித்தான் பேசினார்கள். இயக்குநர் குறிப்பு எழுதும்போது "சிறு வயது முதலே சினிமா மீது எனக்குத் தீராத காதல்" என்று தொடங்கினால் நானே கிழித்துப் போட்டுவிடுவேன். அந்த வீட்டுக் கூரை எந்தத் தகரம், அந்தத் தகரத்தில் மழை விழும்போது வசனம் கேட்குமா, கேட்காது என்றால் ஒலியை என்ன செய்யப் போகிறீர்கள், அதை எழுதுங்கள்.

பட்ஜெட்டில் படப்பிடிப்பை மட்டும் விலாவாரியாக எழுதிவிட்டு மற்றதை ஒரே வரியில் போடுவது அடுத்த வழக்கம். சப்டைட்டில், ஒலிக்கலவை, டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), சென்சார் கட்டணம், இன்சூரன்ஸ், விழாக்களுக்கு அனுப்பும் நுழைவுக் கட்டணம், ஹார்ட் டிஸ்க் மூன்று செட், எல்லாவற்றுக்கும் தனி வரி. உங்கள் சம்பளத்தையும் எழுதுங்கள். பூஜ்யம் என்று எழுதுவது தியாகமாகத் தெரியாது, கணக்குத் தெரியாதவர் என்றே தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டுக் கையிலிருக்கும் எடிட்டிங் வேலையை விட்டுவிடாதீர்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு.

நவம்பரில் கோவா

அதே என்.எஃப்.டி.சி. 2007 முதல் நடத்தும் ஃபிலிம் பஜார், கோவா சர்வதேச விழாவை ஒட்டி நவம்பரில் நடக்கிறது. 2025இல் பெயர் வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று மாறியது. ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கிறவருக்குத் திரைக்கதைப் பட்டறை, ஸ்கிரிப்டும் தயாரிப்பாளரும் இருக்கிறவருக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை, ரஃப் கட், அதாவது முதல்கட்ட எடிட், இருக்கிறவருக்கு முடியாத படங்களுக்கான பட்டறை, முடிந்த படத்தை வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் இருப்பவருக்கு வியூயிங் ரூம் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசல். நீங்கள் எந்த நிலை என்று நேர்மையாகப் பார்த்து அந்த வாசலில் மட்டும் நில்லுங்கள். விண்ணப்பங்கள் விழாவுக்குச் சில மாதம் முன்பே மூடிவிடும், நவம்பரில் ஞாபகம் வந்து பயனில்லை. தேர்வாகாவிட்டாலும் ஒரு முறை டெலிகேட்டாகப் போய்ப் பாருங்கள். கொங்கண் கன்யாவில் ராத்திரி ஏறினால் காலையில் கோவா. மும்பைக்காரர்களுக்கு இருக்கும் அபூர்வமான சலுகை இது.

35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதே விழாவில் "கிரியேட்டிவ் மைண்ட்ஸ் ஆஃப் டுமாரோ" என்று ஒன்று 2021 முதல் நடக்கிறது. அந்த ஆண்டு 75 பேர், 2024இல் 100 பேர். இயக்குநர் மட்டுமல்லாமல் ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, கலை என்று எல்லாத் துறைக்கும் இடம் உண்டு. 48 மணி நேரத்தில் குழுவாகக் குறும்படம் எடுக்க வைப்பார்கள். உங்கள் டீமில் சவுண்ட் பார்க்கும் பெண்ணை முதலில் இதற்கு அனுப்புங்கள், எல்லோரும் இயக்குநர் பிரிவிலேயே முட்டி மோதிக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பு என்றால் பெரிய ஆட்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தியா பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, கனடா என 15க்கும் மேற்பட்ட நாடுகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் அதிகாரபூர்வக் கூட்டுத் தயாரிப்பு என்ற அந்தஸ்து வாங்கினால், இந்தியாவில் செய்யும் தகுதியான செலவில் ஒரு பங்கை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும். முதலில் அது 30 சதவீதம், 2023 நவம்பரில் இந்தச் சலுகைகளைக் கூட்டி உச்சவரம்பை 30 கோடி என்று அறிவித்தார்கள். 2024 கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய மும்பைச் செவிலியர்களின் கதையான "ஆல் வி இமேஜின் அஸ் லைட்" படமும் இந்த வழியாக வந்ததே. இந்திய-பிரெஞ்சு ஒப்பந்த அந்தஸ்தும், அந்த 30 சதவீதத்துக்கு இடைக்கால ஒப்புதலும் வாங்கிய படம் அது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் இந்தியா சினி ஹப், என்.எஃப்.டி.சி.க்குள்ளேயே 2015இல் ஃபிலிம் ஃபெசிலிடேஷன் ஆபீஸ் என்று தொடங்கியது. இங்கேயும் அதே கதைதான், படப்பிடிப்பைத் தொடங்குவதற்கு முன் விண்ணப்பம். முடித்துவிட்டுப் போய் நின்றால் ரசீதுகளைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

தெருவில் கேமராவை வைக்க

மும்பையில் ஒரு தெரு யாருடையது என்பதே தனி ஆராய்ச்சி. ரோடு, பூங்கா என்றால் மாநகராட்சி, போக்குவரத்தை நிறுத்தினால் டிராஃபிக் போலீஸ், பிளாட்ஃபார்ம் என்றால் சென்ட்ரல் அல்லது வெஸ்டர்ன் ரயில்வேயின் மக்கள் தொடர்புத் துறை, போரிவலிப் பூங்காவுக்குள் போனால் வனத்துறை. மாநில அரசு இதற்காக மகாராஷ்டிரா ஃபிலிம் செல் என்று ஒற்றைச் சாளரம் வைத்திருக்கிறது, கோரேகாவ் ஃபிலிம் சிட்டியை நடத்தும் கழகத்தின் கீழ். விண்ணப்பத்தை அதில் போடுங்கள், ஆனால் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போய் ஒரு காப்பி கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பன்று வந்து நிற்கும் கான்ஸ்டபிளுக்கு வெப்சைட் காட்டினால் நடக்காது, தன் ஸ்டேஷன் முத்திரையைக் காட்டினால் நடக்கும். டிரோன் ஆசையை விடுங்கள். விமான நிலையமும் போலீஸ் தடையுத்தரவுமாக இந்த நகரத்தில் அது தலைவலி.

மிருகங்கள். இதை எழுதும்போது இன்னும் மனசு வலிக்கிறது. என் ஆவணப்படம் அல்லாத ஒரு குறும்படத்தில் கிழவி ஒருத்தி தன் ஆட்டைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்து வரும் ஷாட், ஒன்றரை நிமிஷம், ஒரே டேக். ஆடு அவ்வளவு அழகாக நடித்தது. படத்தில் மிருகம் வந்தால் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், முடிந்த பிறகு அவர்களின் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சாரில் நகராது. எனக்கு அது தெரிந்தது எடிட் முடிந்த பிறகு. வாரியத்தின் அலுவலகம் இப்போது ஹரியானாவில், பல்லப்கரில் இருக்கிறது. ஆட்டை வெட்டினேன், படத்திலிருந்து. படம் அந்த ஷாட்டுக்காக எடுத்த படம்.

சென்சார்

1983லேயே பெயர் சான்றிதழ் வாரியம் என்று மாறிவிட்டது, நாம் இன்னும் சென்சார் என்றுதான் சொல்கிறோம், அதில் ஓர் உண்மையும் இருக்கத்தான் செய்கிறது. விண்ணப்பம் இ-சினிபிரமாண் தளத்தில். யூடியூபுக்கும் ஓடிடிக்கும் இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஓடிடிக்காரர்கள் 2021 விதிகளின்படி தாங்களே வயதுப் பிரிவு போட்டுக்கொள்கிறார்கள். தியேட்டருக்கும் டிவிக்கும் தேவை. அப்படியானால் யூடியூபில் போடப்போகும் குறும்படத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தேசிய விருதுக்கு! அந்தந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் சான்றிதழ் பெற்ற படங்கள்தான் அந்த ஆண்டுப் போட்டிக்குப் போக முடியும். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது, குறும்படத்துக்குக் குறைவு. டிசம்பரில் விண்ணப்பித்து ஜனவரியில் சான்றிதழ் வந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும், எனவே செப்டம்பருக்குள் போடுங்கள்.

2024 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. எல்லோருக்குமான யு, பெரியவர்களுக்கான ஏ, குறிப்பிட்ட துறையினருக்கான எஸ் அப்படியே இருக்க, பெற்றோர் துணையோடு பார்க்கும் யு/ஏ மட்டும் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்தது. முன்பு பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியான சான்றிதழ் இப்போது காலவரையறை இல்லாதது. ஏ சான்றிதழ் வாங்கிய படம் டிவிக்குப் போகாது என்பதை நினைவில் வையுங்கள், சிறு படத்துக்குத் தொலைக்காட்சி விற்பனைதான் பாதி வருமானம். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் ஆரம்பத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கைப் படம், காட்சி ஓடும்போது கீழே எழுத்து. அந்த பீடி அவ்வளவு அவசியமா என்று ஸ்கிரிப்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்த குழு வெட்டு சொன்னால் பயப்படாதீர்கள், உங்களை அழைத்துப் பேசுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் வழிகாட்டு நெறியின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். சம்மதமில்லை என்றால் மறு ஆய்வுக் குழு. அதற்கு மேல் முன்பு ஒரு தீர்ப்பாயம் இருந்தது, அங்கே நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் செலவில் நியாயம் கேட்க முடிந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான், வக்கீல் ஃபீஸ் தனி. சுயாதீனப் படைப்பாளிக்குச் சமீப காலத்தில் நடந்த பெரிய இழப்பு எது என்று என்னைக் கேட்டால் மானியம் எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

தேசிய விருதில் தமிழுக்கென்று தனியாகச் சிறந்த படம் விருது உண்டு, படம் எந்த ஊரில் தயாரானது என்று யாரும் கேட்பதில்லை. 2024இல் அறிவித்த விருதுகளிலிருந்து தங்கத் தாமரைக்கு 3 லட்சம், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம். கோவா விழாவில் இந்தியப் படங்களுக்கான பிரிவான இந்தியன் பனோரமா இன்னொரு இடம். ஆவணப்படக்காரர்களுக்கு 1990 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மும்பை சர்வதேசப் பட விழா வீட்டு வாசலிலேயே இருக்கிறது, 2024 முதல் அதோடு டாக் ஃபிலிம் பஜாரும் சேர்ந்திருக்கிறது.

உங்களுக்காக யார் பேசுவார்கள்

சுருக்கமாகச் சொன்னால், தானாக யாரும் பேச மாட்டார்கள். மேற்கிந்தியச் சினிமாத் தொழிலாளர்கள் கூட்டமைப்பு தொழிலாளர்களின் சங்கங்களுக்கான குடை. தயாரிப்பாளர் சங்கங்கள் பெரிய முதலாளிகளின் குரலில் பேசும். சின்னப் படம் எடுக்கிறவர் ஒரே நேரத்தில் தொழிலாளியும் முதலாளியும் என்பதால் இரண்டு இடத்திலும் விருந்தாளி. எழுதுகிறவர் என்றால் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனின் தகராறு தீர்க்கும் குழு உண்மையிலேயே உதவும். ஆவணப்படம் என்றால் மும்பையில் ஆவணப்படத் தயாரிப்பாளர் சங்கம் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் சேருங்கள், சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஆஸ்காருக்கு இந்தியப் படத்தைத் தேர்ந்தெடுப்பது அரசு என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்வது ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா, தொழில்துறை அமைப்பு, அங்கேயும் உறுப்பினர் சங்கங்களின் கை ஓங்கித்தான் இருக்கும்.

2020 ஜூனில் பிமல் ஜுல்கா தலைமையிலான நிபுணர் குழு மத்திய அரசிடம் கொடுத்த அறிக்கை இரண்டு விஷயம் சொன்னது: அமைப்புகளை ஒன்றாக்குங்கள், சுயாதீனப் படைப்பாளிகளுக்கென்று ஒரு திரைப்பட ஊக்குவிப்பு நிதி உருவாக்குங்கள். முதலாவது மளமளவென்று நடந்தது. இரண்டாவதைப் பற்றி அமைச்சகத்துக்கு எழுதும்போது அறிக்கையின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். "சிறு படங்களைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதும் மனுவுக்குப் பொதுவாகவே பதில் வரும்.

விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் சத்தமே இல்லை என்றால் போன் பண்ணிப் பண்ணி உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், ஆன்லைனில் தமிழை ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "என் விண்ணப்பம் ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். விண்ணப்ப எண்ணைப் போட்டு, அது இன்றைய தேதியில் எந்த மேசையில் இருக்கிறது, அந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, கோப்பில் இதுவரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். என் விஷயத்தில் பதில் கடிதத்துக்கு நாலு நாள் முன்பே நேர்காணல் அழைப்பு வந்துவிட்டது. கடிதத்தையும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.